வாலாஜா வரை வந்த சாவி

வாலாஜாவைத் தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினோம். நண்பன் பாளை முகம் கழுவிவிட்டுக் கைக்குட்டைக்காகப் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டான். கைக்குட்டையோடு ஒரு சாவியும் வெளியே வந்து சிமென்ட் தரையில் விழுந்தது. சின்னப் பித்தளைச் சாவி, சிவப்பு பிளாஸ்டிக் வில்லை கோத்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். நானும் பார்த்தேன். அது என்ன சாவி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வேனை ஓட்டி வந்த மூன்றாமவனுக்குத்தான் தெரியாது. அவன் டீ கிளாஸோடு வந்து, "இன்னாடா, சாவி கீழ கீது, எட்த்துக்கோ" என்றான்.

பாளை எடுக்கவில்லை. "அண்ணேன் செகண்ட் ஷிஃப்ட்டு" என்று மட்டும் சொன்னான்.

அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்தது. கார்களுக்கான கதவு, பானெட் போன்ற தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் இடம். ஒவ்வொரு பிரஸ் எந்திரமும் இரண்டு மாடி உயரம். டை என்று சொல்லும் இரும்பு அச்சில் மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. நடுவில் தகட்டை வைத்து ஒரே அடி. தகடு கதவாகிவிடும். இடையில் கை இருந்தால் கையும் அந்தக் கதவோடு சேர்ந்துவிடும். அந்த அச்சைத் துடைக்கவும் மாற்றவும் ஆள் உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும்.

அதற்கு ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்ததும் அவனேதான் திறந்து எடுக்க வேண்டும். ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, அதன்மேல் அவன் போட்டோ. ஒரே சாவி. மாற்றுச் சாவி மேனேஜரிடம்கூடக் கிடையாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். வேலைக்குச் சேரும் முதல் நாளே இதை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். பூட்டை வெட்ட வேண்டுமென்றால் பூட்டுக்காரனை மேனேஜர் தன் கண்ணால் வெளியே பார்க்க வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், 'அவன் வீட்டுக்குப் போயிட்டான்' என்று யாரோ சொன்னதை நம்பி எந்திரத்தை ஓட்டியதில் ஒருத்தன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. எந்தத் தொழிற்சாலை என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். ஆனால் எங்கள் மேனேஜர் அதை முழுசாக நம்பினார். அவர் நம்பினால் நாங்களும் நம்பியாக வேண்டும்.

பாளை அந்த எந்திரங்கள் இருந்த பிரஸ் ஷாப்பில் டிரெய்னி. பாளையங்கோட்டையிலிருந்து வந்தவன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுடைய அண்ணனும் அதே ஷாப்பில் ஆப்பரேட்டர். மேனேஜர் பின்னாலேயே மாதக்கணக்கில் நடந்து தம்பியைச் சேர்த்துவிட்டதே அவர்தான். இருவரும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் இருந்தார்கள். அண்ணன் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவரைப் பொறுத்தவரை கிடார் என்பது ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுக்குக் கூட வாசிக்கிற சாமான். தம்பியோ அதே கிடாரில் என்னோடு உட்கார்ந்து, காப்பி எடுத்த கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, ஒவ்வொரு விரலாகத் தேடிப் பிடித்து வாசிப்பான். பெங்களூரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராக் குழுக்களைக் கூட்டி ஒரு மைதானத்தில் கச்சேரி என்று கேள்விப்பட்டதிலிருந்து அவன் தரையில் நடக்கவில்லை. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் போகவிட மாட்டார். சனிக்கிழமை அவருக்கு செகண்ட் ஷிஃப்ட், இவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அவர் அறைக்குத் திரும்புவதற்குள் நாங்கள் பெங்களூரில் இருப்போம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

நான் அதே கம்பெனியில் குவாலிட்டி. எனக்கு சனிக்கிழமை லீவு. என் அப்பா ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் பாசுரம் சேவிப்பவர். ராக் கச்சேரி என்று வீட்டில் சொல்ல முடியுமா? ஒசூரில் நண்பன் அக்காவுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அம்மா மொய்க் கவர் வேறு கொடுத்தனுப்பினாள். வேன்காரன் எங்களில் தொழிற்சாலைக்குப் போகாத ஒரே ஆள். அவன் அப்பா நிலத்தைச் சிப்காட்டுக்குக் கொடுத்து வந்த காசில் வாங்கித் தந்த பழைய வேனை, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ராக்கும் தெரியாது, ரோலும் தெரியாது. பெங்களூர் என்றால் போதும்.

அன்றைக்கு நானும் வேன்காரனும் கேட்டுக்கு வெளியே வேனில் காத்திருந்தோம். ரோட்டை நாலு வழியாக்குகிறோம் என்று காஞ்சிபுரத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை தோண்டிப் போட்டிருந்த காலம் அது. ஷிஃப்ட் முடியும் வரை இருந்தால் முதல் இரண்டு குழுக்களாவது போய்விடும். அதனால் பாளை, நேரம் பதியும் கார்டைப் பக்கத்து லைன்காரன் ஒருவனிடம் பஞ்ச் பண்ணச் சொல்லிவிட்டு, சங்கு ஊதுவதற்கு முன்பே கேன்டீன் பக்கத்துச் சின்னக் கேட் வழியாக ஓடி வந்தான். எல்லோரும் செய்வதுதான். கடைசியாக ஒரு அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தவன், வெளியே வந்து கையைக் கழுவி, சட்டையை மாற்றி, ஓடி வந்துவிட்டான். பூட்டு சுவிட்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் டீக்கடை வாசலில் நின்றபடி வேன்காரனுக்கு விளக்கினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. உண்மையைச் சொன்னால் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். இத்தனை நாள் காத்திருந்து, இத்தனை பொய் சொல்லி, இவ்வளவு தூரம் வந்து, ஒரு பூட்டு.

"அட, ஒரு போன போட்டு சொல்லிட்டா வேல முட்ஞ்சிது" என்றான் வேன்காரன். "ஆளு இங்க டீ குட்சிகினு கீறான்னு சொல்லு. வெட்டிட்டுப் போறானுங்க."

டீக்கடைக்குப் பக்கத்திலேயே எஸ்டிடி பூத் இருந்தது. அலுவலக எண்ணில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆள் இருக்காது. செக்யூரிட்டி எண்ணுக்குப் போட்டேன். எங்கேஜ்ட். மறுபடி போட்டேன், மறுபடி எங்கேஜ்ட். பாளை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதியம் அந்த போனில் யார் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று யோசித்தபோதுதான் என் எரிச்சல் போய் பயம் வந்தது.

கடைசியில் மணி அடித்தது. ரிசீவரை பாளையிடம் கொடுத்தேன். அவன் தன் பெயரையும் டோக்கன் நம்பரையும் சொல்லி, "நாந்தான் பேசுதேன் சார். நா வெளிய இருக்கேன். பூட்டு மட்டும்…" என்று தொடங்கினான்.

மறுபக்கம் கத்தியது எனக்கே கேட்டது. "எவன்டா அவன், வெளாட்ற நேரமாடா இது? இங்க ஒரு ஆளு மிஷினுக்குள்ள மாட்டிகினு எல்லாரும் தேடிகினு கீறோம். வைடா போன." வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் எங்கேஜ்ட்தான்.

பாளை பூத்தைவிட்டு வெளியே வந்தான். "அண்ணேன் குழிக்குள்ள எறங்கியிருப்பாம்" என்றான்.

பிரஸ் வரிசைக்குக் கீழே ஒரு நீளக் குழி உண்டு. வெட்டுப்பட்ட கழிவுத் தகடுகள் அதில் விழும். அச்சுக்குள் இறங்கியவன் தவறினாலும் அதில்தான் விழுவான். அடியில் ஓடும் பெல்ட் அவற்றை வெளியே தள்ளும். பெல்ட்டுக்குத் தனி சுவிட்ச். ஒரு பிரஸ்ஸைப் பூட்டினாலும் மற்றவற்றுக்காக பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். குழியில் இறங்குகிறவன் அந்த சுவிட்சையும் தன் பூட்டால் பூட்டிவிட்டு இறங்க வேண்டும்.

"இறங்கினா பூட்டிட்டுத்தானே இறங்குவார்" என்றேன்.

"நா உள்ள கெடக்கேன்னு நெனச்சா அவன் பூட்ட எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்க மாட்டாம்ல. அப்பிடியே குதிச்சிருவாம்."

அவ்வளவு நேரம் பெங்களூர் பெங்களூர் என்றிருந்த வேன்காரன் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டினான். வேனைத் திருப்பினான்.

திரும்பிய வழியை இன்றைக்கு நினைத்தாலும் என் தோள் இறுகும். காவேரிப்பாக்கம் வரை ஓடினோம். அதற்கப்பால் ஒரு பக்க ரோடு மட்டும்தான். எதிரும் புதிருமாக லாரிகள். ஓச்சேரிக்கு முன்னால் ஜல்லி லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. லாரிக்காரர்கள் இன்ஜினை அணைத்து இறங்கி பீடி பற்ற வைத்தார்கள். அவர்கள் இறங்கினால் இப்போதைக்கு நகராது என்று அர்த்தம்.

பாளை பின்சீட்டில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து தரையிலிருந்து கடைசியில் எடுத்து வந்த அந்தச் சாவியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் என் பிடரியில் கேட்டது. பொறுக்க முடியாமல், "அதைக் கீழ வைடா, முழுங்கித் தொலைக்கப் போற" என்றேன். அவன் வைத்தான். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"எங்கடா போற?"

"நடக்கேன்."

"இங்கேருந்து நடந்து எப்ப போய்ச் சேருவ, லூசு."

"சும்மா இருக்க முடியல" என்றான். லாரிகளுக்கு இடையில் நடக்கத் தொடங்கியேவிட்டான். நான் ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவன் அழுதுகொண்டிருந்தான். ஓங்கிய கையைக் கீழே போட்டேன்.

வேன்காரன் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தான். புதிய ரோட்டுக்காக மண் கொட்டிச் சமன் செய்த மேடு பக்கத்திலேயே நீண்டு போனது. அதன்மேல் வண்டி போகக் கூடாது. கல் அடுக்கி மறித்திருந்தார்கள். அவன் இறங்கிக் கல்லைப் புரட்டித் தள்ளினான். நானும் தள்ளினேன். வேன் மண்ணில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஏறியது. வேலைக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவன் கண்ணாடியை இறக்கி, "ஆஸ்பத்திரி கேஸ்" என்று சொல்லிவிட்டு ஓட்டினான். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே எங்களுக்கு வரவில்லை.

காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் இடத்தில் மறுபடி ஒரு பூத். மறுபடி எங்கேஜ்ட். ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டபோது கடைகளில் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். செகண்ட் ஷிஃப்டுக்குப் போன கம்பெனி பஸ்கள் காலியாகத் திரும்பி நின்றன. பஸ் டிரைவர்கள் ஒன்றாகக் கூடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இறங்கிக் கேட்கத் துணிவில்லை.

கேட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே இல்லை.

பாளை அதைப் பார்த்ததும் வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினான். நான் பின்னால் ஓடினேன். செக்யூரிட்டி முதலில் அவனை மறிக்கக் கையை நீட்டினார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையாலேயே அவன் மேல்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "டேய், நீ வெளியவா கீற?" என்றார். அது போனில் கேட்ட குரல்.

"அண்ணேன் எங்க சார்?"

"உள்ள கீறாரு. போ, போ."

இருக்கிறார் என்றால் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஓடினோம்.

அந்த ஷாப்பைச் சத்தமில்லாமல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லா பிரஸ்களும் நின்றிருந்தன. ஷிஃப்ட் ஆட்கள் சுவரோரம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. காலியான ஸ்ட்ரெச்சர் குழியின் ஓரத்தில் கிடந்தது. மேனேஜர் ஏதோ விசேஷ வீட்டிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக நின்றிருந்தார். அவர் காலடியில் பூட்டு வெட்டும் கட்டர் கிடந்தது.

அண்ணன் உயிரோடு இருந்தார். மெயின் சுவிட்ச் பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை கிரீஸ். இரண்டு முழங்கையிலும் தகடு கிழித்த கோடுகளில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் தலைக்கு நேர் மேலே அந்தப் பூட்டு தொங்கியது. அதில் தம்பியின் போட்டோ.

பிறகு மற்றவர்கள் சொல்லி நடந்ததை அறிந்தேன். ஷிஃப்டுக்கு வந்ததும் பூட்டைப் பார்த்தவர் அவர்தான். கூப்பிட்டார், பதில் இல்லை. கார்டு தட்டில் தம்பியின் கார்டு பஞ்ச் ஆகாமல் இருந்தது. பஞ்ச் பண்ணுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தவன், ஆள் உள்ளே மாட்டிக்கொண்டான் என்ற பேச்சு கிளம்பியதுமே பயந்து வாயை மூடிக்கொண்டான். உள்ளே மாட்டியவன் கார்டை எவன் தொடுவான்? அண்ணன் குழியில் குதித்தபோது பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஓடிப் போய் அணைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் குழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு தகட்டுக் குவியலாகக் கையால் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆள் வெளியேதான் போயிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜரும் கடைசியில் தன் விதியைத் தானே மீறி, பூட்டை வெட்டச் சொல்லிக் கட்டரை எடுத்திருக்கிறார். அண்ணன் விடவில்லை. "பூட்டு தொங்குதுல்லா சார்" என்று சொல்லி அதன் கீழே உட்கார்ந்துவிட்டார்.

தம்பியைப் பார்த்தும் அவர் எழவில்லை.

"சாவி எங்கல?"

பாளை உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"தொற."

திறக்க முடியவில்லை அவனுக்கு. சாவி துளைக்கு வெளியே இரண்டு தரம் மோதியது. அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும். நானும் போகவில்லை. கடைசியில் பூட்டு திறந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்குச் சுவரோரம் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அண்ணனும் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் தம்பியின் தோளில் கை வைத்தார். அங்கிருந்து கையைத் தடவிக்கொண்டே முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கினார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த கை. தம்பியின் புதுச் சட்டை முழுக்கக் கிரீஸ் ஆனது.

பிறகு தம்பியின் கையிலிருந்த பூட்டை வாங்கி மேனேஜரிடம் நீட்டினார். எங்கள் இடத்தில் வேலையை விட்டுப் போகிறவன் கடைசியாகத் திருப்பிக் கொடுப்பது அந்தப் பூட்டைத்தான்.

"இவன அனுப்பிருங்க சார்."

திட்டுவதற்கென்றே அவ்வளவு தூரம் வந்திருந்த மேனேஜர் தடுமாறிப் போனார். "கோபத்துல பேசாதப்பா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"கோவம் இல்ல சார். திங்கக்கெழம இந்தப் பூட்டு இங்க தொங்கினா என்னால வேல பாக்க முடியாது."

பாளை, "அண்ணே" என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நா என்ன வேணும்னா செஞ்சேன்? ஒரு வருசமா இதுக்குத்தான கெடந்து சாவுதேன். இன்னும் ரெண்டு மாசத்துல பெர்மனென்ட் ஆயிருவேன்ல" என்றான். மேனேஜர் பூட்டைக் கையில் புரட்டி, போட்டோவைப் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அண்ணன் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி வந்து, மெயின் சுவிட்சைப் போட்டு, மீதி ஷிஃப்டை ஓட்டினார். அந்த எந்திரம் முதல் அடி அடித்தபோது சுவரோரம் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒருமுறை உடம்பைக் குறுக்கிக்கொண்டார்கள். நானும்தான்.

வெளியே வந்ததும் பாளை வேனின் சக்கரத்தை உதைத்தான். சேர்த்துவிட்ட கையாலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டான் என்று புலம்பினான். எனக்கும் அண்ணன்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. மறந்தது ஒரு பூட்டு. யார் மறக்கவில்லை? அதற்கு வேலையையே எடுப்பதா? வேன்காரன் மட்டும் எங்கள் பக்கம் சேரவில்லை. "அவுரு அந்தக் குழில இன்னா தேடினாருன்னு யோசிச்சியாடா நீ?" என்று பாளையைக் கேட்டான். பாளை உதைப்பதை நிறுத்தினான்.

கச்சேரி பாஸ் இரண்டு நாளுக்கும் இருந்தது. "நாளைக்காவது போவுமே. இனிமே எனக்கு இங்க என்ன வேல" என்று பாளைதான் சொன்னான்.

ஞாயிறு காலை பிள்ளைப்பாக்கத்தில் அவன் அறை இருந்த தெருவில் வேனை நிறுத்தினோம். பாளை வந்தான். அவன் பின்னால் அண்ணனும் வந்தார். குளித்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முழங்கைக் கோடுகளில் நீல மருந்து. நாங்கள் ஏதாவது சொல்வதற்குள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"நீ எங்க வார?" என்றான் பாளை.

"நீ போற எடத்துக்கு."

"அது ஒனக்குப் புடிக்காது."

"சரி."

பெங்களூர் வரை அண்ணன் ஒரு ஜன்னலையும் தம்பி மறு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் நான் ஏதேதோ பேசிப் பார்த்தேன். கேசட் போடவும் கூச்சமாக இருந்தது. வேன்காரன் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினான். அண்ணன், தம்பியின் இலையில் இரண்டாவது முறை கறியை வைக்கச் சொல்லிப் பரிமாறுகிறவருக்குக் கையைக் காட்டினார். தம்பி அதைத் தொடாமல் இலையை மூடினான்.

மைதானத்தில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்களை நான் பார்த்ததேயில்லை. டிரம்மை அடித்தால் நெஞ்சுக்குள் இடித்தது. வடகிழக்கு மாநிலங்கள் பக்கமிருந்து வந்த குழு ஒன்று மேடையில் இருந்தது. சிவப்பு கிடார் வைத்திருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். எங்கள் கேசட்டில் இரைச்சலாக மட்டும் கேட்ட ஒரு சத்தம் அவன் கையில் அழுகையாக வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. நேற்று நடந்ததெல்லாம் மறந்துவிட்டது. பாளையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது. இடது கை விரல்கள் காற்றில் அந்தச் சுரங்களைத் தேடிக்கொண்டிருந்தன.

கூட்டம் குதிக்கத் தொடங்கியது. எல்லோரும் முன்னால் நெருக்கினார்கள். பாளையும் குதித்தான். முன்னால் போக முயன்றான். ஏதோ தடுத்தது போல நின்றான். அப்போதுதான் அண்ணனைக் கவனித்தேன். தம்பியின் பனியன் சட்டையின் பின்பக்கத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்தியிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. அவனுடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று முடி வளர்த்த பையன்கள் இரண்டு பக்கமும் இடித்தார்கள். வெள்ளைச் சட்டையோடு அவர் தம்பி போன பக்கமெல்லாம் இழுபட்டார். கையை விடவில்லை.

பாளை இரண்டு மூன்று தடவை உதறிப் பார்த்தான். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் திரும்பினான். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"கைய எடுண்ணே. எல்லாரும் பாக்காங்கல்லா. நா இங்கதான இருக்கேன்."

அண்ணன் கையை எடுக்கவில்லை. "நேத்து சாயங்காலம் பூரா நீ அந்த மிஷினுக்குள்ளதாம்ல இருந்த, எனக்கு" என்றார்.

பாளை அவரையே பார்த்தான். மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அவன் இத்தனை நாள் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பாட்டு அது. முதல் அடியிலேயே மைதானம் முழுக்கக் குதித்தது. வேன்காரன்கூடக் குதித்தான். நான் குதித்தேன். அண்ணனின் பிடி நழுவிவிடாதபடி, பாளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.